வெளியே தொங்கிய பூட்டு

ராயபுரம், கல்மண்டபம்
1927 ஜனவரி 9

அன்புள்ள தேசப்பன் அண்ணனுக்கு,

தங்கை குணசுந்தரி எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். மழைக்காலத்தில் உனக்கு வந்த இருமல் நின்றதா, ரங்கூன் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, எல்லாம் விவரமாக எழுது.

ஒரு நல்ல சேதி. அவர் காலமான பிறகு இரண்டு வருஷமாக வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தது முடிந்தது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு தர்ம சபையார் ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் நடத்துகிறார்கள். அதில் எனக்கு ஆயா வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். மொத்தம் இருபத்திரண்டு பெண்கள். பாதிப் பேருக்குக் கண் தெரியாது. மற்றவர்களுக்குக் காலோ இடுப்போ விளங்காது. தாயம்மா என்று ஒருத்தி, பிறவியிலேயே பார்வை இல்லை. என் செருப்புச் சத்தத்தை வைத்தே நான் கோபமாக வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவளுக்குப் பக்கத்துக் கட்டில் கெங்கம்மா. கப்பலில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவள். வாய் மட்டும் ஓயாது.

கட்டடம் பழைய கிடங்கு. கீழே சபைக் காரியதரிசி ஐயாவின் சணல் சாக்கு அடுக்கியிருக்கிறது. மேலே பலகைத் தளத்தில் நாங்கள். ஒரே மரப்படிக்கட்டு. மேட்ரன் ரோஸ்மேரியம்மாள் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைப் பியூன் சின்னப்பையனிடம் கொடுத்துவிடுவார். பெண்கள் தெருவில் இறங்கிக் கை ஏந்திவிட்டால் சபைக்கு மானக்கேடாம். மற்றபடி நல்ல இடம். நேரத்துக்குச் சோறு போடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
குணசுந்தரி

*

ரங்கூன்
1927 ஜனவரி 24

அன்புள்ள குணசுந்தரிக்கு,

அண்ணன் தேசப்பன் ஆசீர்வாதம். நான் சுகம். இருமல் போய்விட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நல்ல இடம் என்று எழுதியிருக்கிறாய். எது நல்ல இடம்? கீழே சணல், மேலே பலகை, ஒரே மரப்படி, நடக்க முடியாத பெண்கள், அதற்கும் மேல் வெளிப்பக்கம் ஒரு பூட்டு! இதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள அந்தச் சபையாருக்கு வெட்கமாக இல்லையா? சாக்கை வைக்கிற இடத்தில் மனிதரை வைத்திருக்கிறார்கள். சாக்குக்காவது நஷ்டம் என்று ஒருவன் அழுவான்.

இந்த அரிசி ஆலையில் தீயணைக்கும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. தெரிந்துதான் சொல்கிறேன். சணல் சட்டென்று எரியாது, புகையும். அந்தப் புகை பலகைச் சந்து வழியாக மேலே வரும். நெருப்பைக் கண்ணால் பார்க்கும் முன்பே மூச்சு போய்விடும். ஆகையால் இவற்றைச் செய். நடக்க முடியாதவர்களின் கட்டிலைக் கதவுக்குப் பக்கத்தில் போடு. ஒவ்வொருத்தியையும் தூக்க உன்னால் முடியாது. போர்வையில் கிடத்தித் தரையோடு இழுக்கலாம். சுவரோரமாகக் கதவு வரைக்கும் ஒரு கயிறு கட்டு. புகையில் கண் இருப்பவன்தான் குருடன். கண் தெரியாதவர்கள் இழுக்கட்டும், கால் வராதவர்கள் போர்வையில் வரட்டும். கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா என்று பார். உள்பக்கம் என்றால், எல்லாரும் போய் முட்டினால் பூட்டில்லாத கதவுகூடத் திறக்காது.

எல்லாவற்றுக்கும் முதலில் இன்னொரு சாவி வாங்கு. பூட்டின கதவுக்குள் ஆட்கள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

தேசப்பன்

*

கல்மண்டபம்
1927 பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

குணசுந்தரி வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். நீ கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே.

சாவி கேட்டேன். "ஆயாவுக்கு எதற்குச் சாவி?" என்று ரோஸ்மேரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றதையெல்லாம் செய்துவிட்டேன். மீன்பிடிக்கிறவர்களிடம் பழைய கயிறு வாங்கிச் சுவரில் ஆணி அடித்துக் கட்டினேன். கட்டில்களை மாற்றிப் போட்டேன். மேட்ரன் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் ஒத்திகை பார்க்கிறோம். நீ சொன்னதை நான் சொன்னபோது தாயம்மா சிரித்தாள். "எனுக்கு எப்பவுமே இருட்டுதான் கொணசு. பொகை வந்தா இன்னா புச்சா ஆவப்போவுது?" என்றாள். கெங்கம்மாவைப் போர்வையில் போட்டு அவள்தான் இழுக்கிறாள். கெங்கம்மா படுத்தபடியே, "மெதுவா இஸ்துகினு போம்மே, நான் இன்னா சாக்கு மூட்டையா?" என்று கத்துகிறாள். இருபத்திரண்டு பேரும் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

கதவு உள்பக்கம்தான் திறக்கிறது. அதனால் இன்னொன்றும் பழக்கினேன். கதவருகே வந்ததும் தாயம்மா, "ரெண்டு அடி பின்னே!" என்பாள். எல்லாரும் பின்னால் நகர வேண்டும். முதலில் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

குணசுந்தரி

*

ரங்கூன்
1927 மார்ச் 1

அன்புள்ள குணசுந்தரிக்கு,

நலம். நீ செய்தது சரி. ஆனால் ஒத்திகையால் பூட்டு திறக்காது. உன் பேச்சை அங்கே யாரும் மதிக்கவில்லை என்று தெரிகிறது. அதனால் காரியதரிசிக்கு நானே கடிதம் எழுதிவிட்டேன். பூட்டை எடுக்க வேண்டும், பின்பக்கம் இன்னொரு படி வைக்க வேண்டும், சணலை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மரியாதையாகத்தான் எழுதினேன். கடைசி இரண்டு வரியில் மட்டும் மரியாதை குறைந்துவிட்டது. அவர் என்ன சொன்னார் என்று எழுது.

தேசப்பன்

*

கல்மண்டபம்
1927 மார்ச் 27

அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற மனநிலையில் இல்லை.

உன் கோபத்தை நீ தபாலில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். அதை வாங்கிக்கொண்டது என் முகம். காரியதரிசி ஐயா என்னை எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நிறுத்தி உன் கடிதத்தை உரக்கப் படித்தார். "இருபது வருஷமாக இந்தக் கட்டடம் எரியவில்லை. ரங்கூனில் இருக்கிற ஒரு கூலிக்காரன் எனக்குக் கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்கிறானா? பிச்சைக்காரிகளுக்குச் சோறு போட்டால் படிக்கட்டும் கேட்பார்களா?" என்றார். சின்னப்பையனை விட்டுக் கயிற்றை அறுக்கச் சொன்னார். நன்கொடை கொடுக்கிற சீமாட்டிகள் பார்வையிட வருகிறார்களாம். கட்டில்கள் பழையபடி வரிசையாக, அழகாக இருக்க வேண்டுமாம். கால் வராதவர்களைத் திரும்பவும் கடைசி ஜன்னலோரம் போட்டுவிட்டார்கள்.

ஒத்திகை செய்தால் வேலை போகும் என்றார். நான் செய்யவில்லை. நீ இனி யாருக்கும் எழுதாதே. எனக்கும் கொஞ்ச நாள் எழுதாதே.

குணசுந்தரி

*

ரங்கூன்
1927 ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

எழுதாதே என்றாய், ஒரு மாதம் பொறுத்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? உனக்குக் கெடுதல் வரும் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். அது என் தப்பு. ஆனால் எழுதிய விஷயத்தில் தப்பில்லை. பூட்டு இன்னும் தொங்குகிறதா? ஒரு வரியாவது எழுது.

தேசப்பன்

*

கல்மண்டபம்
1927 மே 8

அண்ணனுக்கு,

சுகம். இல்லத்தில் போன மாதம் ஒரு சின்ன விபத்து நடந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. வலது கையில் கொஞ்சம் காயம், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. கவலைப்படாதே. வேலை இருக்கிறது.

குணசுந்தரி

*

ரங்கூன்
1927 மே 26

குணசுந்தரிக்கு,

சின்ன விபத்தா?

டீக்கடையில் பழைய மதராஸ் பேப்பர் ஒன்று கிடந்தது. ஏப்ரல் 19ஆம் தேதி மத்தியானம் ராயபுரத்தில் தீ, ஐந்து ஊனமுற்ற பெண்கள் மரணம் என்று போட்டிருந்தது. கெங்கம்மா என்கிற நொண்டி திருட்டுத்தனமாகச் சுருட்டுப் பிடித்ததால் தீ மூண்டதாம். கண் தெரியாதவர்கள் பயத்தில் வழி தெரியாமல் ஓடியதால் உயிர்ச்சேதமாம். இதெல்லாம் சபையார் சொன்னது. சொல்லுவார்கள். ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. 'கதவு பூட்டப்படவில்லை என்று ஆயா குணசுந்தரி எழுத்து மூலம் உறுதி கூறியிருக்கிறார்.'

அது நீதானா? இல்லை, அந்த இல்லத்தில் வேறு குணசுந்தரி இருக்கிறாளா? செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போட எப்படி மனம் வந்தது? நம் அம்மா உன்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி எழுத்துக் கற்றுக்கொடுத்தது இதற்குத்தானா? கைநாட்டுக்காரியாக இருந்திருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பேன். நீ படித்துப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறாய்.

பதில் எழுதுவதாக இருந்தால் உண்மையை எழுது. இல்லாவிட்டால் காகிதத்தை வீணாக்காதே.

தேசப்பன்

*

கல்மண்டபம்
1927 ஜூன் 12

தேசப்பனுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. உண்மைதானே வேண்டும்? உட்கார்ந்து படி.

அன்றைக்குச் சீமாட்டிகள் வந்து போயாயிற்று. ரோஸ்மேரியம்மாள் அவர்களோடு காரியதரிசி வீட்டுக்குப் போய்விட்டார். தொட்டியில் தண்ணீர் இல்லை. நான் குடத்தோடு தெருக்குழாய்க்கு இறங்கினேன். எனக்குப் பின்னால் சின்னப்பையன் பூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஏதோ வேலையாகப் போய்விட்டான். குழாயடியில் கூட்டம். திரும்பிப் பார்த்தபோது கிடங்கின் கீழ் ஜன்னலில் புகை.

படியேறி ஓடினேன். உள்ளேயிருந்து கதவை அடிக்கிறார்கள். வெளியே பூட்டு. என் கையில் காலிக் குடம். அந்தக் குடத்தாலேயே பூட்டை அடித்தேன். ஒரு வண்டிக்காரர் கடப்பாரையோடு ஓடிவந்து நாதாங்கியை நெம்பினார். அது கழன்றது, கதவு திறக்கவில்லை. அத்தனை பேரும் உள்ளே அதன்மேல் சாய்ந்திருக்கிறார்கள். அப்போது தாயம்மா குரல் கேட்டது: "ரெண்டு அடி பின்னே!" புகைக்குள்ளேயே பின்னால் போனார்கள், அண்ணா. மூச்சு முட்டுகிறபோது, கதவைத் தொட்டுக்கொண்டிருக்கிறபோது, கையை எடுத்துவிட்டுப் பின்னால் போனார்கள். அதனால்தான் கதவு திறந்தது. பதினேழு பேர் வெளியே வந்தார்கள். பயத்தில் வழி தெரியாமல் ஓடினார்களாம்! எழுதினவன் வாயில் மண்ணைப் போட.

கடைசி ஜன்னலோரம் கிடந்தவர்களில் ஐந்து பேர் வரவில்லை. கயிறு இல்லை, தூரம் அதிகம். தாயம்மா கெங்கம்மாவை இழுத்துக்கொண்டுதான் வந்தாள். வழியில் யாரோ தடுக்கி விழுந்தார்கள். "போர்வை லேசாயிட்ச்சி கொணசு. திரும்பிப் போயி தரையெல்லாம் தடவுனேன். எந்தப் பக்கம் உருண்டாள்னு தெரியல" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கெங்கம்மா ஜென்மத்தில் சுருட்டுப் பிடித்தவள் இல்லை.

மூன்றாம் நாள் காரியதரிசி ஒரு காகிதத்தோடு வந்தார். பிழைத்த பதினேழு பேரையும் வியாசர்பாடியில் ஒரு தகரக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். "நீ கையெழுத்துப் போடாவிட்டால் சபையைக் கலைத்துவிடுவோம். இவர்கள் எல்லாரும் இன்றைக்கே தெருவுக்குப் போகலாம். உன் இஷ்டம்" என்றார். பதினேழு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு முதுகெல்லாம் வெந்து போயிருந்தது. போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

நீ இதைக் கேட்கிறாய். சரி. அம்மாவையும் இழுத்துப் பேசுகிறாய். சரி. பூட்டின கதவைப் பற்றி உனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே என்று எழுதினாயே, இப்போது கேட்கிறேன். எப்படித் தெரியும்? கையெழுத்தைப் பற்றி இவ்வளவு கோபப்படுகிற நீ, உன் கையெழுத்தை எங்கே போட்டாய்?

குணசுந்தரி

*

ரங்கூன்
1927 ஆகஸ்ட் 20

குணசுந்தரிக்கு,

நான் பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆலையின் கூலிகள் குடியிருக்கும் லயனில் தீப்பிடித்தது. கூலிகள் இரவோடிரவாக ஓடிவிடுவார்கள் என்று வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவது வழக்கம். நாங்கள் பம்பை இழுத்துக்கொண்டு போனபோது பூட்டு சிவப்பாகக் காய்ந்து கிடந்தது. நான்தான் உடைத்தேன். உள்ளே பதினொரு பேர். தெலுங்கு ஆட்கள், விசாகப்பட்டணத்துப் பக்கம். ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் துரை ஒரு காகிதத்தை நீட்டினார். கதவு திறந்திருந்தது, குடித்துவிட்டுத் தூங்கியதால் எழவில்லை என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. என் பின்னால் பதினேழு பேர் உட்கார்ந்திருக்கவும் இல்லை. அடுத்த மாதம் என்னை மேஸ்திரியாக்கினார்கள்.

உன்னைத் திட்டிய வார்த்தைகள் எல்லாம் எனக்கு நான் சொல்லிக்கொள்ள வேண்டியவை. உன் மேல் எறிந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை என்றால் அந்தக் கிடங்குக்குப் போ. எரியாமல் மிச்சம் இருக்கும் தளப்பலகை ஒன்றைப் புரட்டிப் பார். மேலே கெங்கம்மாவின் கட்டிலில் தீ பிடித்திருந்தால் பலகையின் மேல்பக்கம் முதலில் கரிந்திருக்கும். கீழ்ப்பக்கம் கரிந்து மேல்பக்கம் சுத்தமாக இருந்தால் தீ சணலிலிருந்து வந்தது. பலகையைக் கையோடு கொண்டுபோ.

தேசப்பன்

*

கல்மண்டபம்
1927 செப்டம்பர் 11

அண்ணனுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. ஆனால் உன் கடிதத்தால் நான் சாட்சி சொல்லப் போகவில்லை. அதற்கு முன்பே தாயம்மா என்னைக் கேட்டுவிட்டாள். "எங்களுக்கோசரம் பொய் சொன்னே, சரி. கெங்கம்மாவுக்கோசரம் யாரு நெஜத்தச் சொல்றது?" அவ்வளவுதான் கேட்டாள்.

வண்டிக்காரரை அழைத்துக்கொண்டு போய் நீ சொன்ன பலகையைப் பெயர்த்தேன். கீழ்ப்பக்கம் முழுவதும் கரி. மேல்பக்கம் கெங்கம்மாவின் கட்டில் கால் பதிந்த தடம்கூட அழியவில்லை. மாஜிஸ்ட்ரேட் மேஜைமேல் வைத்துப் புரட்டிக் காட்டினேன். நான் முன்பு கொடுத்தது பொய் என்றும் சொன்னேன். பிறகு தாயம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள். சபையின் வக்கீல், "உனக்குத்தான் கண் தெரியாதே, கதவு பூட்டியிருந்தது எப்படித் தெரியும்?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, "நீ கண்ணு இருக்குறவன்தானே நைனா? கதவுக்கு உள்ளாற நின்னுகினு வெளிய தொங்குற பூட்டு உனுக்குத் தெரியுமா? தள்ளினேன், தொறக்கல. அது தெரியறதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றாள். அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

தீர்ப்பைக் கேள். தீ கீழேயிருந்து வந்தது, கெங்கம்மா மேல் குற்றமில்லை. அதை எழுதிவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது வருந்தத்தக்கது, சபையார் இனிமேல் கவனமாக இருக்க வேண்டும். முடிந்தது. ஐந்து உயிருக்கு வருந்தத்தக்கது என்று ஒரு வார்த்தை. காரியதரிசி காரில் ஏறிப் போனார். சாக்கு வியாபாரம் வேறு கிடங்கில் நடக்கிறது. பொய்க்குக் கையெழுத்துப் போட்டதற்கு மாஜிஸ்ட்ரேட் என்னைத்தான் அரைமணி நேரம் வைதார். அந்தக் கோர்ட்டில் திட்டு வாங்கியது நான் ஒருத்திதான். சாயங்காலமே வேலையும் போயிற்று. இப்போது பெரம்பூரில் ஒரு ரயில்வே குமாஸ்தா வீட்டில் சமைக்கிறேன்.

போன வாரம் பதினேழு பேரையும் திருவொற்றியூர் சாலையில் புது வீட்டுக்கு மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். திரும்பவும் மாடி. தாயம்மா முதலில் ஏறிக் கதவைத் தடவினாள். வெளிப்பக்கம் நாதாங்கி. திரும்பி இறங்கி வந்து நடுரோட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நடக்க முடியாதவர்கள் வண்டியிலிருந்து இறங்க மறுத்துவிட்டார்கள். எனக்குச் சேதி வந்து நான் ஓடிப்போனபோது துறைமுகத்து வண்டிகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. வண்டிக்காரர்கள் முதலில் கத்தினார்கள். விஷயம் தெரிந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். காரியதரிசி வந்தார். மிரட்டினார், பிறகு கெஞ்சினார். "கதவக் கயட்டு. அப்பால ஏறுறோம்" என்றாள் தாயம்மா. வெயில் சாய்கிற நேரத்தில் தச்சர் வந்தார். கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டி, தாழ்ப்பாளை உள்ளே வைத்துக் கொடுத்தார். ஒவ்வொருத்தியும் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். பதினேழு பேர். இருட்டிவிட்டது.

என் அளவில் இவ்வளவுதான். இனி உன் விஷயம். எனக்கு எழுதிவிட்டதால் உனக்கு மனம் லேசாகிவிட்டிருக்கும். எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? நானா அந்தப் பதினொரு பேரின் வீட்டார்? அவர்கள் குடித்துவிட்டுச் செத்தார்கள் என்றுதான் விசாகப்பட்டணத்தில் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆலையில் எழுதிக் கொடுத்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. சுகத்தை அப்புறம் விசாரிக்கலாம்.

குணசுந்தரி

*

ரங்கூன்
1927 அக்டோபர் 3

குணசுந்தரிக்கு,

போன திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். ஆலைக்கு ஒன்று, போலீஸுக்கு ஒன்று. பதினொரு வீட்டுக்கும் தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். மூன்று பேர் விலாசம் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி வேலை போயிற்று. போலீஸ் கூப்பிடும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாதாம். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறேன்.

துரை காகிதத்தைப் படித்துவிட்டு, "நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன வந்தது?" என்று கேட்டார்.

"இப்போதுதான் துரை, என்னை ஒருத்தி கேட்டாள்" என்றேன்.

தேசப்பன்